நிரல் எழுதுவோரின் கைமாற்று



கைமாற்று என்றால் இன்னதென்று நம் வணிகப் பெருமக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் சில்லறை போதவில்லையென்றால் பக்கத்துக் கடைக்குப் பையனை அனுப்புகிறோம். மாலைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். சீட்டுமில்லை, சாட்சியுமில்லை, வட்டியுமில்லை. இதே கைமாற்றை வேறொரு தொழிலார் எவ்வாறு நடத்துகிறார்கள் என்பதே இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பாடம். அவர்கள் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவோர். அவர்கள் கொடுத்து வாங்குவது பணமன்று. ஐந்து வரி, பத்து வரி கொண்ட நிரல் துண்டுகளும், "இந்தக் கருவியை இப்படி அமைத்தால் ஓடும்" என்னும் சிறு குறிப்புகளுமே அவர்களுடைய கைமாற்று.

நமக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஐயா, நம் கல்லாப்பெட்டியே இன்று நிரலால்தானே திறக்கிறது! பில் அடிப்பதும், இருப்புப் பார்ப்பதும், வரிக் கணக்குக் கொடுப்பதும் அதனாலேயே நடைபெறுகின்றன. நம் பிள்ளைகளிலும் பலர் இத்தொழிலுக்குப் போய்விட்டார்கள். தகப்பன் வெங்காய மூட்டையை நிறுத்துக்கொண்டிருக்க, மகன் மாடியில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறான். அவன் செய்வது இன்னதென்று கொஞ்சமாவது தெரிந்திருப்பது நல்லதன்றோ?

நிரல் என்பது கம்ப்யூட்டருக்கு நாம் இடும் கட்டளைகளின் வரிசை. கடைப்பையனிடம் சொல்வதைப் போன்றதுதான், ஆனால் பையனுக்குள்ள மூளை அதற்குக் கிடையாது. "இரண்டு கிலோ அரிசி கட்டு" என்றால் பையன் பையை எடுப்பான், நிறுப்பான், முடிச்சுப் போடுவான். கம்ப்யூட்டருக்கோ பையை எடு என்பதையும் நாமே சொல்ல வேண்டும். ஆகவே, ஒரே சிறு வேலைக்கான கட்டளைகளை ஆயிரம் பேர் ஆயிரம் இடங்களில் திரும்பத் திரும்ப எழுத நேரிடுகிறது. ஒருவர் நன்றாக எழுதிச் சோதித்துவிட்டால், மற்றவர் அதை வாங்கிக்கொள்வதுதானே அறிவு? இதிலே ஒரு விசேஷம் உண்டு. பணத்தைக் கைமாற்றாகக் கொடுத்தால் நம் பெட்டியில் அவ்வளவு குறையும். நிரல் துண்டைக் கொடுத்தால் கொடுத்தவரிடம் ஒன்றும் குறைவதில்லை.

நம் மலேசியக் கடைகளில் தினமும் நடக்கும் ஒரு காரியத்தையே எடுத்துக்கொள்வோம். 2008 ஏப்ரல் 1 முதல் ஒரு காசு நாணயம் வழங்குவது நின்று, பில் தொகையைப் பக்கத்திலுள்ள ஐந்து காசுக்குச் சரிசெய்யும் முறை வந்தது. கடைசி இலக்கம் 1, 2 என்றால் கீழே இறக்க வேண்டும். 3, 4 என்றால் ஐந்தாக்க வேண்டும். 6, 7 என்றாலும் ஐந்துதான். 8, 9 என்றால் பத்து. கல்லாவில் நிற்கும் பையன் இதை ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடுவான். கம்ப்யூட்டருக்கு இதை எப்படிச் சொல்வது? ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு கட்டளை எழுதினால் எட்டுப் பத்து வரி ஆகும். அனுபவமுள்ளவர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: தொகையைக் காசாக்கு, இரண்டைக் கூட்டு, ஐந்தால் வகுத்து மீதியை விட்டுவிடு, வந்த ஈவை ஐந்தால் பெருக்கு. அவ்வளவுதான்.

தாளும் பென்சிலும் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். 12 வெள்ளி 37 காசு என்றால் 1237. இரண்டு கூட்ட 1239. ஐந்தால் வகுக்க ஈவு 247, மீதி 4, மீதியை விட்டுவிடுக. 247ஐ ஐந்தால் பெருக்க 1235, அதாவது 12 வெள்ளி 35 காசு. சரிதானே? இனி 12 வெள்ளி 38 காசு. 1238உடன் இரண்டு கூட்ட 1240. ஐந்தால் வகுக்க 248. திரும்பப் பெருக்க 1240, அதாவது 12 வெள்ளி 40 காசு. இதுவும் சரி. இதுதான் ஒரு நிரல் துண்டு. பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புப் படித்த கணக்குக்குமேல் இதில் ஒன்றுமில்லை. ஆயினும் முதலில் இதைக் கண்டவர் சற்றே யோசித்துத்தான் கண்டிருப்பார்.

இந்தத் துண்டைக் கொடுப்பவர் கூடவே இரண்டு சொல் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு சொல்லில்தான் காரியமே இருக்கிறது. முதலாவது, இதை மொத்தத் தொகையில்தான் செய்ய வேண்டும், ஒவ்வொரு பொருளிலும் செய்யலாகாது. 1 வெள்ளி 98 காசுப் பொருள் மூன்று வாங்கினால் 5 வெள்ளி 94 காசு. சரிசெய்தால் 5 வெள்ளி 95 காசு. ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிசெய்தால் இரண்டு வெள்ளி வீதம் ஆறு வெள்ளி ஆகிவிடும். ஐந்து காசு கூடுதலாக வாங்கிவிட்டோம்! ஐந்து காசுதானே என்று விட முடியுமா? தராசில் ஐந்து கிராம் குறைந்தால் விடுவோமா?

இரண்டாவது, வெள்ளியை வெள்ளியாகவே வைத்துத் தசமப் புள்ளியோடு கணக்குப் போடாமல், காசாக்கிவிட்டுக் கணக்குப் போட வேண்டும். இதற்குக் காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும். கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடுக்குகளில் எழுதிவைப்பது. மூன்றில் ஒரு பங்கை நாம் தசமத்தில் எழுதப் புகுந்தால் 0.333 என்று முடிவின்றிப் போகுமல்லவா? அதுபோலப் பத்தில் ஒரு பங்கு அதற்கு முடிவின்றிப் போகிறது. எங்கோ ஓரிடத்தில் வெட்டிவிடுகிறது. ஆகவே 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் 0.3க்கு மயிரிழை கூடுதலாக வருகிறது. மயிரிழைதான்; ஆனால் தொகை சரியாக விளிம்பில் நிற்கும்போது அந்த மயிரிழையே அதை மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். முழு எண்ணாகிய காசில் கணக்குப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. நம் முன்னோர் அணாவும் பைசாவுமாகக் கணக்கு எழுதினார்களே, அவர்களிடம் இந்தக் கம்ப்யூட்டர் தோற்றுவிடும்.

இவற்றுக்கு மேலும் ஒன்று உண்டு. பெரும்பாலோர் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்தால் என்ன செய்கிறோம்? பில்லைக் கழித்தல் குறியோடு போடுகிறோம். 3 வெள்ளி 98 காசுச் சரக்குக்கு அவர் முதலில் நாலு வெள்ளி கொடுத்திருப்பார். திருப்பும்போதும் நாலு வெள்ளி கிடைக்க வேண்டும். மேற்படி துண்டில் கழித்தல் 398ஐப் போடுங்கள். இரண்டு கூட்டக் கழித்தல் 396. ஐந்தால் வகுக்கக் கழித்தல் 79.2. இங்கேதான் வழி பிரிகிறது. பைத்தான் என்னும் நிரல் மொழியில் முழு எண் வகுத்தல் கீழ்நோக்கி இறங்கிக் கழித்தல் 80 என்று தரும், திரும்பப் பெருக்கக் கழித்தல் 400 வரும், சரி. ஜாவாவிலும் சியிலும் அதே வகுத்தல் பின்னத்தை வெட்டிக் கழித்தல் 79 என்று தரும். பெருக்கக் கழித்தல் 395. வாடிக்கையாளருக்கு ஐந்து காசு குறைகிறது! பைத்தானில் சரியாக ஓடிய துண்டை ஒருவர் நல்லெண்ணத்தோடு ஜாவாக்காரருக்குக் கொடுத்தார். அவரும் விற்பனை பில்லில் போட்டுப் பார்த்துச் சரியென்றார். திருப்பும் பில் வரும்வரை ஒருவர் கண்ணிலும் படாது. கொடுத்தவரும் யோக்கியர், வாங்கியவரும் யோக்கியர். குறை எங்கே? "இது இன்ன மொழியில், இன்ன தொகைகளுக்குச் சோதிக்கப்பட்டது" என்ற ஒரு வரி கூடப் போகவில்லை, அதுதான் குறை. கழித்தல் குறியை முதலில் எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பிறகு குறியைச் சேர்த்தால் எந்த மொழியிலும் சரியாக வரும்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949ஆம் ஆண்டு எட்சாக் என்னும் கணிப்பொறி ஓடத் தொடங்கியது. அடிக்கடி தேவைப்படும் கணக்குகளுக்கான நிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து அலமாரியில் அடுக்கி வைத்தார்கள். வேண்டியவர் எடுத்துப் படியெடுத்துத் தம் நாடாவுடன் சேர்த்துக்கொள்வார். 1951இல் வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் அவற்றை விளக்கி ஒரு நூலே வெளியிட்டார்கள்.

நமக்கு இதைவிடச் சுவையானது அமெரிக்காவில் நடந்தது. 1955இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரிய கணிப்பொறிகளை வைத்திருந்தவர்கள் கூடி 'ஷேர்' என்றொரு சங்கம் அமைத்தார்கள். ஷேர் என்றால் பகிர்ந்துகொள். அதில் சேர்ந்தவர்கள் யார்? லாக்ஹீட் போன்ற ஆகாய விமானம் செய்யும் கம்பெனியார். சந்தையிலே ஒருவரையொருவர் வெல்ல முயன்றவர்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே பொறி. எல்லோருக்கும் அதே அடிப்படைக் கணக்குகள். ஒவ்வொருவரும் தனித்தனியே ஆள் வைத்து அதையே எழுதுவதில் யாருக்கு லாபம்? ஆகவே விமானத்தின் இரகசியத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, பொதுக் கணக்குக்குரிய நிரல்களை மட்டும் சங்கத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எதிர்க்கடைக்காரருக்கு எதையும் சொல்லலாகாது என்று எண்ணுகிற நம்மவர் சிலர் இதைக் கவனிக்க வேண்டும். நாம் சரக்கெடுக்கும் இடம், கொள்முதல் விலை, கடன் கொடுக்கும் ஆட்களின் பெயர் - இவை நம் இரகசியம். பில் அச்சடிக்கும் கருவியில் பாதி எழுத்து விழாமல் போனால் காகித அகலத்தை 58 மில்லிமீட்டரா 80 மில்லிமீட்டரா என்று பார்த்து மாற்ற வேண்டும் என்பது என்ன இரகசியம்? அதை மறைத்து வைத்து யார் பணக்காரராயினர்?

இவ்வகைச் சிறு குறிப்புகளைத்தான் நிரல் எழுதுவோர் பெரிதாக மதிக்கிறார்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் பழையதில் தாம் செய்துவைத்த அமைப்புகளை ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். அதைப் போட்டதும் புதியதும் பழையதைப் போலவே நடக்கும். அந்தக் கோப்பை நண்பருக்கும் கொடுப்பார்கள். நம் கடைக்குரிய சில குறிப்புகளை இங்கே சொல்லி வைக்கிறோம். பார்கோடு எண் 13 இலக்கம். பொருள் பட்டியலை எக்செல் போன்ற கணக்குத் தாளில் திறந்தால், நம் நாட்டுச் சரக்கின் 955 என்று தொடங்கும் நீண்ட எண் சுருங்கி, நடுவே ஆங்கில எழுத்தொன்று முளைத்துவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணானால் முன்னுள்ள பூஜ்யம் போய்விடும். அப்படியே சேமித்தால் பட்டியல் கெட்டது. திறக்கும்போதே அந்தப் பத்தியை எண் அன்று, எழுத்து என்று குறித்துவிட வேண்டும். தமிழில் பில் அடிக்க விரும்புவோருக்கு மற்றொன்று. சூட்டுத் தாளில் அச்சடிக்கும் சிறு கருவிகளில் பெரும்பாலும் தமிழ் எழுத்து உள்ளே கிடையாது; கேள்விக்குறிகளாய் வரும். கருவி பழுது என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். பில்லைப் படமாக்கி அனுப்பச் சொன்னால் தமிழ் அழகாக விழும். கல்லாப்பெட்டி பெரும்பாலும் அச்சுக் கருவியோடுதான் கம்பியால் இணைந்திருக்கும். 27, 112, 0, 25, 250 என்ற ஐந்து எண்களைக் கருவிக்கு அனுப்பினால் பெருவாரியான பெட்டிகள் திறந்துகொள்ளும். இந்த ஐந்து எண்களுக்காக ஆள் வரவழைத்து ஐம்பது வெள்ளி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

வரி விஷயத்தில் ஒரு குறிப்பு மிகவும் அவசியம். 2015 ஏப்ரல் 1இல் ஜி.எஸ்.டி. 6 விழுக்காடாக வந்தது. 2018 ஜூன் 1இல் அது பூஜ்யமாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 1இல் விற்பனை, சேவை வரி திரும்பியது. 2024 மார்ச் 1இல் பல சேவைகளுக்கு 6 விழுக்காடு 8 ஆயிற்று. சாப்பாட்டுக் கடைகளுக்கு 6 ஆகவே நின்றது. கணக்குத் தாளில் 6 என்பதை நூறு இடங்களில் எழுதி வைத்தவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. எல்லா 6ஐயும் ஒரே மூச்சில் மாற்றப் போனால் 6 கிலோவும் 8 கிலோவாகிவிடும்! வரி விகிதத்தைத் தாளின் தலையில் ஒரே ஒரு கட்டத்தில் எழுதி, மற்ற இடங்களெல்லாம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொள்ளும்படி செய்க. அரசாங்கம் எப்போது மாற்றினாலும் நாம் ஓரிடத்தில் மாற்றினால் போதும். நிரல் எழுதுவோர் முதல் மாதத்திலேயே கற்கும் பாடம் இது.

இனி, வாங்குவதிலுள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். இலவசமாய்க் கிடைப்பதெல்லாம் நல்ல சரக்கு என்று நம்பலாகாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் பொதுவிடம் 2008இல் தொடங்கியது. நிரல் எழுதுவோர் ஒருவர் கேட்க மற்றவர் சொல்லிக் கொடுக்கும் இடம். அங்கே 2010இல் ஒருவர் கோப்பின் அளவைக் கிலோ, மெகா என்று மனிதர் படிக்கும்படி மாற்றும் சிறு ஜாவாத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். அழகிய துண்டு, ஆயிரக்கணக்கானோர் எடுத்துப் போட்டார்கள். அங்கிருந்து அதிகம் படியெடுக்கப்பட்ட ஜாவாத் துண்டு இதுவே என்று 2018இல் ஓர் ஆய்வு கண்டது. அதன் பின்னரே எழுதியவர் மீண்டும் பார்த்தார். 999,999 பைட்டு என்றால் ஒரு மெகா என்று வர வேண்டும். அதுவோ ஆயிரம் கிலோ என்று காட்டியது. நாம் மேலே கண்ட அதே விளிம்புத் தொல்லை! 2019இல் அவரே முன்வந்து தம் பிழையை ஊரறியச் சொல்லித் திருத்தமும் கொடுத்தார். அவருடைய நேர்மையைப் பாராட்டுகிறோம். ஆனால் படியெடுத்தவர்களுடைய நிரல்களில் இருப்பதை யார் திருத்துவது? யாரிடமிருந்து வந்தது என்று ஒரு வரி குறித்து வைத்தவருக்கு மட்டுமே திரும்பிப் பார்க்க வழியுண்டு. அங்கிருந்து எடுப்பவர் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அவ்விடத்தின் உரிம நிபந்தனையும் ஆகும். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதன்று. யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற தொடரைச் சொல்லாமல் அங்கே ஒரு செய்தியும் ஏற்கப்படுவதில்லையே.

வேறு விதமான ஆபத்தும் உண்டு. எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து 45ஐ 00045 ஆக்குகிறோமே, பில் எண்ணுக்கு. அந்த வேலைக்கு லெஃப்ட்-பேட் என்று 11 வரித் துண்டு ஒன்று இருந்தது. பலரும் அதைப் படியெடுக்காமல், வேண்டும்போதெல்லாம் பொதுக் கிடங்கிலிருந்து வரவழைத்துக்கொண்டார்கள். எழுதியவருக்கு வேறொரு பெயர் விஷயமாக மனத்தாங்கல் ஏற்பட்டு, 2016 மார்ச் 22இல் தம் துண்டுகளையெல்லாம் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். உலகமெங்கும் பெரிய பெரிய நிரல்களைக் கட்டும் வேலை நின்றுபோயிற்று! சில மணி நேரத்தில் கிடங்கார் அதைத் திரும்ப வைத்தார்கள். பிறகு, நினைத்தபோது எடுத்துவிட முடியாதபடி விதியையும் மாற்றினார்கள். உப்புக்கும் ஒரே வியாபாரியை நம்பியிருக்கும் மளிகைக் கடையின் கதை இது. பதினொரு வரியைத் தம் வீட்டிலேயே வைத்திருந்தவர்களுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை.

இப்போது செயற்கை அறிவைக் கேட்டாலும் துண்டு எழுதித் தருகிறது. நன்றாகவே தருகிறது, தவறாகத் தரும்போதும் அதே தைரியத்துடன் தருகிறது. திருப்பும் பில்லைப் போட்டுப் பார்ப்பது நம் வேலை.

கொடுப்பவருக்கும் எச்சரிக்கை உண்டு. அமைப்புக் கோப்பை அப்படியே படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அதிலே கடவுச்சொல்லும் இருக்கும். கடைச் சாவியை மெழுகில் பதித்துத் தெருவில் கொடுப்பதற்கு இது நிகர். அதுமட்டுமன்று. பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி போடுகிறோமே, அதை வாட்ஸ்அப் சில வேளைகளில் தடித்த எழுத்துக்கான குறியென்று எண்ணி மறைத்துவிடும். பார்த்து எழுதுபவர் பெருக்கலே இல்லாமல் எழுதிக்கொள்வார். வோர்டில் தட்டினால் நேரான மேற்கோள் குறி வளைந்துவிடும். வளைந்த குறியைக் கண்டால் நிரல் ஓட மறுக்கும். ஆகவே எளிய நோட்பேட் கோப்பாக அனுப்புவதே நலம்.

நம் கடைகளில் மிகவும் கவலைக்குரிய நிலை ஒன்றைக் காண்கிறோம். பில் கருவியை அமைத்தவன் ஒரு பையன். அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். அல்லது எல்லாம் முதலாளியின் தலைக்குள் இருக்கிறது, முதலாளி படுத்துவிட்டார். மகன் வந்து கல்லாவில் உட்காருகிறான். கடவுச்சொல் தெரியாது, எந்தக் கட்டத்தில் எந்தக் கணக்கு என்று தெரியாது, நாற்பது ஆண்டுக் கடையின் பாக்கிப் பட்டியல் அந்தப் பெட்டிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. பேரேடு இருந்த காலத்தில் இப்படி நேர்ந்ததா? கணக்கப்பிள்ளை போனாலும் ஏடு இருந்தது.

ஆகவே கல்லாவின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி, என்ன செய்தோம், ஏன் செய்தோம், யார் சொல்லிக் கொடுத்தார், எந்தத் தொகையில் சோதித்தோம் என்று தமிழிலேயே எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாமல் உறையிலிட்டு வீட்டுப் பெட்டகத்தில் வைத்து, வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். புதிய துண்டு எதையும் உண்மைக் கணக்கில் போடுமுன் கணக்கின் நகலொன்றில் போட்டுப் பாருங்கள்.

அடுத்த மாதம், இருப்புக் கணக்கில் முதலில் வந்த சரக்கை முதலில் கழிக்கும் துண்டைப் பற்றி எழுதுவோம். அதற்குள் மேற்சொன்ன ஐந்து காசுத் துண்டை வாசகர்கள் தாளில் போட்டுப் பழகிக்கொள்க. 18 வெள்ளி 92 காசுக்கும், 18 வெள்ளி 98 காசுக்கும், திருப்பிக் கொடுக்கும் 6 வெள்ளி 43 காசுக்கும் என்ன வருகிறது? முதலாவதற்கு 18 வெள்ளி 90 காசு. இரண்டாவதற்கு 19 வெள்ளி. மூன்றாவதை உங்கள் கடைக் கருவியிலேயே போட்டுப் பாருங்கள். 6 வெள்ளி 45 காசு வராமல் 6 வெள்ளி 40 காசு வந்தால், கருவியை அமைத்தவரைக் கூப்பிட்டு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.